உங்கள் இடப்பக்கம் பாருங்கள்

சுற்றுலாப் படகு கிளம்பும் துறையில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை. பன்னிரண்டு வருஷமாக அண்ணனின் படகில் நின்று ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். ஒரு நாளைக்கு ஐந்து நடை, நடைக்கு நாற்பது பேர். மணிக்கூண்டு, மீன் ஏலக் கூடம், பழைய சுங்கக் கிடங்கு, கண்ணாடிக் கோபுரம், கடலுக்கு மேலே தொங்கிப் போகும் கேபிள் கார், கலங்கரை விளக்கம், பறவைத் தீவு என்று ஒன்றையும் விடமாட்டாள். உம்மணாமூஞ்சியாக ஏறியவரையும் சிரிக்க வைத்துத்தான் இறக்கிவிடுவாள்.

அந்த வேலையில் ஒரே ஒரு கோணல். பயணிகள் படகு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் முன்னால், அவர்களைப் பார்த்து நிற்பாள். அவர்களுக்கு இடது என்றால் அவளுக்கு வலது. “உங்கள் இடப்பக்கம் பாருங்கள்” என்று சொல்லும்போது வலது கையைத்தான் நீட்ட வேண்டும். முதல் ஒரு மாதம் நாற்பது தலைகளும் திக்குக்கு ஒன்றாகத் திரும்பின. அப்புறம் பழகிவிட்டது. எவ்வளவு பழகியது என்றால், படகை விட்டு இறங்கிய பிறகும் போகவில்லை. வீட்டில், “சீனி டப்பா வலது பக்கம் இருக்குங்க” என்பாள். தையல் கடை வைத்திருக்கும் அவள் கணவர் மறுபேச்சில்லாமல் இடது பக்கம் கையை விட்டு எடுத்துக்கொள்வார். பதினான்கு வருஷக் குடித்தனம் மனிதனுக்கு என்னவெல்லாம் கற்றுக்கொடுக்கிறது பாருங்கள்.

இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, அவளுக்குப் படகு ஓட்டும் ஆசை வரும்வரை.

அண்ணன் புதிதாகச் சின்னப் படகு ஒன்று வாங்கியிருந்தார். பத்துப் பேர் உட்காரலாம். குடும்பமாக வருகிறவர்களைத் தீவுக்குக் கூட்டிப்போய், பறவை பார்க்கவும் தூண்டில் போடவும் விட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டுவரலாம். அதை யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது இவள் முந்திக்கொண்டு, “நான் ஓட்டறேண்ணே” என்றாள்.

அண்ணன் யோசித்தார். அண்ணி அவரை முறைத்தார். அண்ணியின் தம்பிக்கு லைசென்ஸ் இருந்தது. தூங்குமூஞ்சி என்று துறை முழுக்கப் பெயரும் இருந்தது. நின்றபடியே குறட்டை விடுவான்.

“அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை விடுமுறைக் கூட்டம் வர ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள நீ லைசென்ஸ் எடுத்தா படகு உனக்கு. இல்லேன்னா மச்சானுக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக் கூடாது.”

அன்று வீட்டில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கணவர், “எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு? மைக்கப் பிடிச்சா ராணி மாதிரி இருக்கே” என்றார்.

“ராணிதான். ஆனா பன்னிரண்டு வருஷமா பின்னால பாத்துக்கிட்டே போற ராணிங்க. படகு விட்டுட்டுப் போன தண்ணிதான் எனக்குத் தெரியும். முன்னால என்ன வருதுன்னு நானும் ஒரு தடவ பாக்கணும்.”

துறைக்குப் பின்னால் இருந்த கழிமுகத்தில் பத்து நாள் அண்ணனே சொல்லிக்கொடுத்தார். முடுக்குவது, நிறுத்துவது, கரை அணைவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடது என்றால் மட்டும் வலது பக்கம் திரும்பினாள்.

முதல் பரீட்சையில் அதிகாரி “இடது” என்றார். அவள் வலது பக்கம் திருப்பி ஒரு மிதவையை முட்டினாள். அதிகாரியின் தொப்பி கடலோடு போனது. கணவர் அவளுடைய சீருடைச் சட்டையின் இடது கையில் சிவப்புப் பட்டை வைத்துத் தைத்தார். இரண்டாவது பரீட்சையில் சிவப்பு கண்ணில் பட்டது, சிவப்பு இடதா வலதா என்பதுதான் மறந்துபோனது. எதிரே வந்த பயணிகள் படகு ஊதிய ஊதலில் கரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. அந்தப் படகில் இருந்தவர்கள் இதுவும் ஊர் சுற்றிக்காட்டுவதில் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மூன்றாவது பரீட்சை அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை காலையில். அதில் தோற்றால் அடுத்த வருஷம்தான். அதிகாரி கரையிலேயே மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

“வேற யாரையாவது அனுப்புங்கன்னு ஆபீஸ்ல கேட்டேன். எல்லாருக்கும் திடீர்னு காய்ச்சல் வந்துடுச்சு” என்றார்.

அண்ணன் அவள் காதருகே குனிந்து, “வாயை மூடிக்கிட்டு ஓட்டு. உன் வாய்தான் உன் கவனத்தைக் கெடுக்குது” என்றார்.

அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். அதிகாரி பின்னால் பலகையில் உட்கார்ந்து அட்டையும் பேனாவுமாகக் காத்திருந்தார். மணிக்கூண்டு போனது. மீன் ஏலக் கூடம் போனது. ஒரு வார்த்தை பேசாமல் இவற்றை அவள் கடந்தது இதுதான் முதல் தடவை.

அதிகாரிக்கே அந்த மௌனம் தாங்கவில்லை. “ஏம்மா, அந்தக் கண்ணாடிக் கட்டடத்து உச்சியில என்னமோ சுத்துதே, அது என்ன?”

“சார், பேசலாமா?”

“பேசக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே.”

அவ்வளவுதான், அணை உடைந்தது. “அது சுழலும் மாடம் சார். உள்ள உட்கார்ந்து ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஊரு முழுக்க உங்களச் சுத்தி வந்துடும். நீங்க போனதில்லையா?”

“இருபது வருஷமா இந்தத் தண்ணியிலதான் வேலை. ஓட்டறவங்க கையைத்தான் பாத்திருக்கேன். ஊரை எங்க பாத்தேன்? சரி, இப்ப இடது.”

அவள் யோசிக்கவே இல்லை. “உங்கள் இடப்பக்கம் பாருங்கள், அதோ கலங்கரை விளக்கம்” என்று வாய் சொல்லிவிட்டது. கண் கலங்கரை விளக்கத்தைத் தேடிப் பிடித்தது. கைகள் அதை நோக்கிப் படகைத் திருப்பின. எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று படகில் அவள் நாக்கு ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. தப்பெல்லாம் கையில்தான். அவள் கையை நம்புவதை விட்டுவிட்டாள்.

“வலது” என்றார் அதிகாரி. “உங்கள் வலப்பக்கம் கேபிள் கார், உயரம்னா பயப்படறவங்க கண்ணை மூடிக்கலாம்” என்றாள். படகு கேபிள் கார் பக்கம் அழகாகத் திரும்பியது. அதிகாரி அட்டையில் கோடு போட்டுவிட்டு, “கண்ணை மூடிக்கிட்டா எதுக்கு ஏறணும்?” என்று சிரித்தார். அடுத்த இடதுக்குப் பறவைத் தீவு இருந்தது. அங்கே சுற்றிக்கொண்டு வந்தால் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தீவைத் தாண்டினால் சும்மா தண்ணீர். பார்க்க ஒன்றும் கிடையாது, சொல்லவும் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக அவள் இந்த இடத்தில்தான் மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

“கடைசி ஒண்ணு. இடது” என்றார் அதிகாரி.

நாக்கு எழவில்லை. வலது பக்கத்தில் மணல் திட்டு, அதற்குமேல் சிவப்பு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. தப்பான பக்கம் திருப்பினால் படகு தரை தட்டும். திருப்பாமல் இருந்தாலும் தோல்விதான். தூங்குமூஞ்சி திங்கட்கிழமை கொட்டாவி விட்டபடி இந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பது அவள் கண்முன் வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஏம்மா, திருப்பு!”

இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பயணிகள்! அவர்களில் ஒருவருக்காவது இடது வலது குழம்பியிருக்கிறதா? அவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள்தான் ஒரு நாளும் படகில் உட்கார்ந்தவள் இல்லை. இப்போதும் மைக் பிடிக்கிறவளாகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம் சார், உட்கார்ந்துக்கறேன்.”

“என்னது?”

வேகத்தைக் குறைத்தாள். காலால் இருக்கையை இழுத்து, ஊரைப் பார்க்க வந்த யாரோ ஒருத்தியைப் போலச் சாய்ந்து உட்கார்ந்தாள். இடது, இடது பக்கத்திலேயே இருந்தது. எங்கேயும் போகவில்லை. திருப்பினாள். மிதவை வலப்பக்கம் ஒதுங்கிப் பின்னால் போனது.

படகு திரும்பியதும் எதிரே ஊர் வந்தது.

போகும்போது ஊர் சின்னதாகிக்கொண்டே போவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். திரும்பும்போது அது எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முதல் இரண்டு பரீட்சையும் பாதி வழியிலேயே முடிந்துபோயின. இப்போது கண்ணாடிக் கோபுரம் வெயிலை வாங்கிக்கொண்டு எழுந்தது. கிடங்கின் செங்கல் சுவர் சிவந்தது. மாடிகளில் துணி காய்ந்தது, மணிக்கூண்டின் முகம் நேருக்கு நேர் தெரிந்தது. எல்லாம் அவளைப் பார்த்தே வந்துகொண்டிருந்தன. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“ஏம்மா, சரியாத்தானே திருப்பினே, எதுக்கு அழறே?” அதிகாரி பதறிப்போனார். “பாஸ்மா, பாஸ்! ஞாயித்துக்கிழமை எங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரேன், எல்லாத்தையும் காட்டு. இப்ப முன்னால பாத்து ஓட்டு.”

“அதைத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள்.

கரையில் அண்ணனும் கணவரும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். படகு எதிலும் முட்டாமல் வந்து அணைந்ததைப் பார்த்ததும் கணவர் கையிலிருந்த இஞ்ச் டேப்பைத் தூக்கி வீசினார். அண்ணன் கயிற்றை வாங்கிக்கொண்டே, “பாத்தியா? வாயை மூடிக்கிட்டு ஓட்டினே, பாஸாயிட்டே” என்றார்.

அவள் இறங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊருக்கெல்லாம் ஊரைக் காட்டியவள் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏண்ணே, நம்ம ஊரு இவ்வளவு அழகா இருக்குன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லையே?”