ஒன்பதாவது வளைவு

"எட்டு வளைவு," என்றார் அவர்.

"ஒன்பது," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்த பொறியாளர் பெண் பென்சிலை அந்தரத்தில் நிறுத்தினாள். ஆற்றைப் பழையபடி வளைத்து ஓடவிடும் திட்டத்திலிருந்து வந்திருந்தாள் அவள். பழைய அளவைப் படங்களை அலுவலகத்தில் கரையான் தின்றுவிட்டதாம். மிச்சமிருந்த ஒரே படத்தில் ஆறு, அளவுகோல் வைத்து இழுத்த நீலக்கோடாக இருந்தது. நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கோட்டை மண்ணில் இழுத்தவர் இவர்தான். பொக்லைன் ஓட்டுநர். கயிறு கட்டாமலே நூல் பிடித்த மாதிரி வெட்டுவார் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'ஸ்கேல்'. ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் யாராவது "என்ன ஸ்கேலண்ணே" என்றால் அவருக்கு முதுகு தானாக நிமிரும்.

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மனைவி வந்து நின்றாள். "இவருக்கு வளைவு என்னைக்குக் கண்ணுல பட்டிருக்கு? ஒன்பதுன்னு எழுதிக்க பாப்பா. அந்த ஆத்துல கம்பம் பிடிச்சு நின்னவ நான்."

அதுவும் உண்மைதான். அளவெடுக்கும் குழுவில் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வேலை அவளுக்கு. இருபது வயது. அவர் இந்தக் கோடியில் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்க, அவள் அந்தக் கோடியில் புழுதிக்குள் புள்ளியாக நிற்பாள். "கம்பத்தைப் பார்த்துத்தான் நேரா வெட்டினேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "கம்பத்தையா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

ஆற்றை நேராக்குவதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வருடம் தவறாமல் வெள்ளம் வந்து தெருவுக்குள் ஏறியது. ஆறு இப்படிக் குடிகாரன் மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் போனால் தண்ணீர் எப்போது கடலுக்குப் போய்ச் சேர்வது என்றார்கள். அவரும் நம்பினார். தகரக் கொட்டகை முகாம், டீசல் வாசனை, தூக்குவாளியில் வரும் தேநீர், மாலையில் அணைத்த பிறகும் தொட்டால் சுடும் இயந்திரம், அதன் நிழலில் உட்கார்ந்து அவளோடு பேசிய பேச்சு. ஒவ்வொரு வளைவை அடைத்தபோதும் எல்லோருமாகக் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். அவர் ஆயுளிலேயே அவ்வளவு சந்தோஷமான இரண்டு வருடங்கள் வேறு கிடையாது.

வெட்டி முடித்ததும் ஆறு அம்பு மாதிரி ஓடியது. வந்த வேகத்தில் போய், கீழே இருந்த ஊர்களில் முன்னைவிட ஆளுயரத்துக்கு ஏறியது. மேலே கிணறுகளில் கயிறு நீண்டுகொண்டே போனது. முட்டையிட நிதானமான தண்ணீர் கிடைக்காமல் மீன்கள் குறைந்தன. மழை விட்டதும் காதைப் பிளக்கிற தவளைகள் எந்த வருடத்திலிருந்து நின்றன என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வெட்டிவிடப்பட்ட வளைவுகள் குட்டையாகி, குப்பைமேடாகி, சில மனைகளாகவும் ஆயின. அவருடைய வீடே அப்படி ஒரு மனையில்தான் இருந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நாட்களை நினைக்கும்போது மனம் இனிக்கிறதே என்பதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் பொறியாளரின் ஜீப்பில் மூவரும் போனார்கள். அவர் கைகாட்டிய இடங்களில் திட்டத்து ஆட்கள் கொடி நட்டார்கள். "இன்னும் பத்தடி தள்ளி நடுங்க" என்று மனைவி திருத்திக்கொண்டே வந்தாள். இங்கே மணல் திட்டு, இங்கே ஆமை ஏறும், இங்கேதான் என் செருப்பு போச்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாற்பது வருடங்களாக உப்பும் புளியும் கணக்குப் பார்த்த மூளைக்குள் இத்தனை தண்ணீர் கிடந்ததா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எட்டாவது கொடியைத் தாண்டி, முள்மண்டிய ஒரு சரிவில் அவள் நின்றாள்.

"இதுதான் ஒன்பதாவது. செங்குத்தா ஒரு மணல் கரை பாப்பா. கரை பூரா பொந்து. எல்லாம் பஞ்சுருட்டான் குருவிக் கூடு. நூறு ஜோடியாவது இருக்கும். பச்சைப் பசேல்னு வந்து வந்து உட்காரும். இன்னும் மூணு வாரம் விட்டா குஞ்செல்லாம் பறந்துடும்னு நான்தான் இவர்கிட்ட கெஞ்சினேன். சரி, மறு கோடியிலிருந்து வெட்டிட்டு வர்றேன்னாரு. அந்த நேரம் பார்த்து, எங்க கல்யாணத்தைப் பத்திப் பேச நான் ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா கரையே இல்ல. வெள்ளம் வந்து இடிச்சிட்டுப் போயிடுச்சாம்."

பொறியாளர் பெண் அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க இங்க வளைவே இல்லன்னீங்க. இன்னைக்கே நான் எழுதிக் கொடுத்தாகணும். வளைவு இல்லன்னா இந்த நிலத்தை லாரி நிறுத்தக் கேட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க, அவங்களுக்குப் போயிடும். ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாத்தான் என்னால எழுத முடியும்."

அவர் முள்செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டால் போதும், வெள்ளக் கதை அப்படியே இருக்கும். ஆனால் மனைவி சொல்லச் சொல்ல அந்தக் கரை அவர் கண்முன்னே எழுந்து நின்றுவிட்டது.

"ஒன்பதுதான். எழுதிக்கங்க," என்றார். பிறகு மனைவியைப் பார்க்காமல், "வெள்ளம் வரல," என்றார்.

"என்ன?"

"வெள்ளம் வரல. நீ போன மறுநாளே மேற்பார்வையாளர் வந்தாரு. திறப்பு விழாவை முன்னாடியே வச்சுட்டாங்க, இன்னைக்கே அடைக்கணும்னாரு. நான் மாட்டேன்னா வேற ஆளு ஏறுவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏறி உட்கார்ந்துட்டேன்."

பொறியாளர் பெண் மெல்ல ஜீப்பை நோக்கி நகர்ந்தாள். அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று தெரிந்திருந்தது.

"முதல் வாளி மண்ணை எடுத்தப்பவே எல்லாம் ஒரே வீச்சா வெளிய வந்துச்சு. ஓடிப் போகல. வாளியைச் சுத்திச் சுத்தியே பறந்துச்சு. மண்ணுக்குள்ள வெள்ளை வெள்ளையா முட்டை. கண்ணு திறக்காத குஞ்சு. இறக்கை ஊசி ஊசியா நின்னுச்சு. அப்படியே லாரியில கொட்டினேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் பார்த்தா, அலகுல தட்டான் பூச்சியைப் பிடிச்சுக்கிட்டு அதுங்க வந்துக்கிட்டே இருக்கு. கரை இருந்த இடத்துல, அதே உயரத்துல, வெறும் காத்துல நின்னு நின்னு பார்க்குது. பொந்தைத் தேடுது. இருட்டுற வரைக்கும் தேடுச்சு."

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்த வருஷம் மழையே பெய்யல," என்றாள் கடைசியில். "பஸ்ஸுல வரும்போதே ஆத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். முழங்கால் தண்ணிகூட இல்ல. நீங்க வெள்ளம்னீங்க. எனக்கு அப்போ கல்யாணம் நடக்கணும். நம்பணும்னு நம்பிட்டேன்."

எழுந்து முந்தானையை உதறினாள். ஜீப்பில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு மாதம் வீட்டில் பேச்சு, "சாப்பாடு ஆச்சு", "கதவைச் சாத்துங்க" என்ற அளவில்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆயிற்று. ஆனால் கம்பத்துக் கதையை மட்டும் இருவருமே எடுக்கவில்லை. பேரப் பிள்ளைகள் கேட்டபோது, "அப்புறம் சொல்றேன்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

தண்ணீர் திறந்துவிட ஒன்றரை வருடம் ஆனது. பொறியாளர் பெண் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். அவர் போக வேண்டாம் என்று இருந்தார். காலையில் பார்த்தால் மனைவி வெளியே போகும் புடவையில் வாசலில் நிற்கிறாள். "வர்றீங்களா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?" என்றாள்.

ஒன்பதாவது வளைவில் கரையைச் செங்குத்தாகச் சீவி மணலாக வைத்திருந்தார்கள். பறவை வருமா என்று அவள் கேட்டதற்கு, "வரலாம்மா. அஞ்சு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். நாம சொல்ல முடியாது," என்றாள் பொறியாளர் பெண். மேலே மதகைத் தூக்கினார்கள். முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சருகும் நுரையுமாகக் கலங்கிய தண்ணீர், வழி தெரியாத ஆள் மாதிரி நின்று நின்று, பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தது. நட்ட கொடிகள் இரண்டைச் சாய்த்தது. ஓரிடத்தில் யாரும் சொல்லாத பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வளைவுக்குள் இறங்கியது.

மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் போகும் வேகத்துக்கே கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். அவர் கொஞ்சம் பின்னால் நடந்தார். கரை திரும்பிய இடத்தில் கோரைப்புல் உயரமாக நின்றது. அவள் அதற்குள் மறைந்துபோனாள். குறுக்கே வழி கிடையாது. ஈர மணலில் பதிந்து, உடனே தண்ணீர் ஊறி நிரம்பும் அவளுடைய காலடிகளை மிதிக்காமல், ஓரமாகவே அவர் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.