சந்தனம் காயும் வரை

மின்சோதனை மீட்டர் கூவவில்லை. மோட்டாரின் காலில் ஒரு முனையையும், என்ஜினின் இரும்பு அடிச்சட்டத்தில் மறுமுனையையும் வைத்து ஐந்தாம் முறையாகச் சோதித்த பிறகே சதாசிவம் அடக்கியிருந்த மூச்சை விட்டார். இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொம்மை டீசல் என்ஜினின் மேல்கூடு, பிஸ்கட் டின்னின் மூடியில் கவிழ்ந்து கிடந்தது. சிவப்பு, கறுப்புக் கம்பிகளைச் சக்கரங்களுக்கும், ஆரஞ்சு, சாம்பல் கம்பிகளை மோட்டாருக்கும் பற்றவைத்தார். தண்டவாளத்தின் வழியே வரும் கட்டளையைப் படித்து என்ஜினை ஓட்டும் மூளையாகிய டிகோடர், நகத்தின் அளவே இருந்தது. அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பிகளை முன்விளக்குகள் இரண்டுக்கும் இழுத்து, கூட்டை மூடினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், உலு திராமில் உள்ள தம் வீட்டின் இதே சமையலறை மேசையில்தான் அவர் ஒரு டிகோடரை எரித்தார். சிங்கப்பூர் மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பற்றவைப்புப் பிரிவை மேய்த்தவருக்கு இது சுண்டைக்காய் வேலை என்று, குளுவாங்கில் நண்பர் சிவசம்புவிடம் மார்தட்டி, இந்த என்ஜினை எடுத்து வந்திருந்தார். சிவசம்பு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுபெற்ற நாளில் தமக்குத் தாமே வாங்கிக்கொண்ட என்ஜின் அது. புதிதாக வாங்கிய கட்டுப்பாட்டுக் கருவியின் பேச்சை மற்ற என்ஜின்கள் கேட்டன. உயிருக்கு உயிரான அந்த ஒன்று மட்டும், டிகோடர் இல்லாததால், கேட்கவில்லை. சதாசிவமோ பெருமிதத்தில், மோட்டாரின் மின்தொடர்பை அடிச்சட்டத்திலிருந்து பிரித்தாக வேண்டும் என்ற அரிச்சுவடியையே சோதிக்கவில்லை. தண்டவாளத்தில் வைத்ததும் சட்டென்று ஓர் ஓசை. ஊதுவத்தியின் அளவுக்குப் புகை. அவ்வளவுதான்.

"சிங்கப்பூர்லேருந்து பார்ட்ஸ் வரணும் அண்ணே" என்றார் அன்று தொலைபேசியில். புதிய டிகோடர் மறுவாரமே வந்துவிட்டது. கைதான் வரவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் புகையின் நாற்றம் மூக்கிலேறியது, மூடிவிடுவார்.

இதற்கிடையே சர்க்கரை நோய் சிவசம்புவின் இடக்கண்ணை வாங்கிக்கொண்டது. "டாக்டர் நல்லதா ஒன்னும் சொல்லல சதா. லைட்டு எரியிறத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்" என்று அவர் ஒருநாள் அழைத்துச் சொன்னார். "அடுத்த வாரம் அண்ணே" என்றார் சதாசிவம். தீபாவளிக்கு முன்பே வலக்கண்ணும் போய்விட்டது. அந்த 'அடுத்த வாரம்' மட்டும் சதாசிவத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. இன்று என்ஜினைக் கொடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். செம்பனைக் காடுகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் காரோட்டியபோது, அந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"வா சதா! சிங்கப்பூர் பார்சல் நீந்தியா வந்துச்சு? எல்லப் பாலத்த நடந்து தாண்டினாகூட ரெண்டு மணி நேரம்தான் லா" என்று, காலடியோசை கேட்டதுமே சிவசம்பு சிரித்தார்.

"மனுஷன உக்கார விடுங்க மொதல்ல. கோப்பி ஆறுது" என்றார் அவர் மனைவி கமலாம்பிகை.

கூடத்து மேசையில் வட்டமாக ஓடிய தண்டவாளத்தைச் சிவசம்புவின் விரல்கள் தடவிக் கண்டுபிடித்தன. என்ஜினைத் தாமே ஏற்றி வைத்தார். சதாசிவம் கருவியின் குமிழை மெல்லத் திருகினார். மோட்டார் சிணுங்காமல் நகர்ந்தது. புகை எழவில்லை. முன்விளக்குகள் எரிந்தன.

நீலம் கலந்த வெள்ளை.

மோட்டாரைப் பற்றிய அச்சத்திலேயே மூழ்கியிருந்தவர், உதிரிப்பொருள் தட்டில் கிடந்த விளக்குகளை நிறம் பாராமல் வைத்துவிட்டிருந்தார். மஞ்சள்தான் வேண்டும், வெள்ளை வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று சிவசம்பு அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னது இப்போது நினைவில் எழுந்தது.

"எரியுதா?"

"எரியுது அண்ணே."

"மஞ்சளா?"

காரில் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. "மஞ்சள்தான்" என்றார் சதாசிவம்.

"கமலா, நீ பாத்துச் சொல்லு. இவன் சிங்கப்பூர்ல வேல பாத்தவன், நம்ப முடியாது."

கமலாம்பிகை விளக்கைப் பார்த்தார். பிறகு சதாசிவத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இல்லை; இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"நிறுத்துங்க. பூச போடாம புது வண்டிய ஓட்டுவாங்களா?" என்று சாமி அலமாரிக்குப் போய், சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்தார். மோதிர விரலால் இரண்டு விளக்குகளின் மேலும் மெல்லியதாகப் பூசினார். "இப்ப ஓட்டுங்க." என்ஜின் நகர்ந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மஞ்சளாத்தான் இருக்குங்க" என்றார்.

ஓசை போன திசையெல்லாம் சிவசம்புவின் முகம் திரும்பியது. வளைவில் என்ஜின் அவரை நோக்கி வரும்போதெல்லாம் மங்கிய மஞ்சள் ஒளி அவர் கன்னத்தில் ஏறி, இமைகளைத் தொட்டு, விலகியது. மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"சந்தனம் வாசமா இருக்கு" என்றார். பிறகு, கேலி சிறிதும் இல்லாத குரலில், "அந்த பார்ட்ஸ் உண்மையில எப்ப வந்துச்சு சதா?" என்று கேட்டார்.

கமலாம்பிகை கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தலைக்கு மேல் காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. சந்தனம் அந்தக் காற்றில் காயத் தொடங்கி, ஓரங்களில் வெடித்தது.

"அண்ணே..."

"சொல்லு லா."

தூரத்து வளைவில் என்ஜின் குலுங்கியது. இடப்புற விளக்கிலிருந்து சந்தனம் செதிளாக உதிர்ந்தது. ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும், இரண்டு விளக்குகளும் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.