ஆறு பேர் கொள்ளும் குழி

வந்தவாசிக் கூட்டத்துக்கு மந்திரி ஹெலிகாப்டரில் போனார். அதைப் பார்க்க முள்ளிப்பட்டு ஊரே தெருவில் நின்றது. தனகோடியும் தறியை விட்டு எழுந்து, ஐந்து வயது மகள் லீலாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தாழத்தான் பறந்தது. லீலா கையாட்டினாள். மேலிருந்து ஒரு கை திருப்பி ஆட்டியது.

உள்ளே திரும்பியபோது, அவன் காலைத் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழிக்குள் தவமணி சுருண்டு கிடந்தாள். தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூலுக்கு அடியில் தலையைத் திணித்திருந்தாள். இருநூறு இழைக்கு மேல் அறுந்து கூந்தலில் சிக்கியிருந்தன. நாலு நாளில் கொடுக்கவேண்டிய முகூர்த்தப் புடவை.

போன வருஷம் இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அகதி முகாமிலிருந்து நடந்து வந்து அவனுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். பேச்சு குறைவு.

"ஏம்மா, இன்னா பண்ணி வெச்சிகிற!" என்று கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

பாவு கொடுத்த முதலாளி வீரபாகு மத்தியானமே சைக்கிளில் வந்துவிட்டார்.

"இன்னா தனகோடி, மந்திரி உன் தறி மேலயா எறங்கனாரு?"

"பயந்துட்டாங்க மொதலாளி. அறுந்த இழைய பிணைச்சிகினுதான் இருக்கேன்."

"இன்னா பயம்? அவங்க ஊர்ல ஹெலிகாப்டர்லேந்து சுட்டாங்கன்னா, சண்டைன்னா குறி தப்பி நாலு பேரு மேல படும். அதுக்கு என் பாவ அறுப்பாளா? நாளைலேந்து இவ இங்க வந்தா உனக்குப் பாவு கிடையாது."

குறி தப்பி. டீக்கடை ரேடியோவில் இலங்கைச் செய்தி கேட்டபோது தனகோடியும் அதையேதான் சொல்லியிருந்தான்.

தவமணி கூந்தலிலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவினாள்.

"குறி தப்பேல்லை ஐயா. பதிஞ்சு, தாழத்தான் பறந்தவன். அவன்ர முகம் எனக்குத் தெரிஞ்சது. சந்தை. முழுக்கப் பொம்பிளையளும் பிள்ளையளும். திரும்பி வந்தும் சுட்டவன்."

"உங்க ஆளுங்க நடுவுல ஒளிஞ்சிகினு இருந்திருப்பாங்க."

"என்ர மகளுக்கு அஞ்சு வயசு."

வீரபாகு சைக்கிள் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆறு பேர் கொள்ளுற பதுங்குகுழி. நான் ஆறாவதா இறங்கீற்றன். அவள் மேல நிண்டவள்."

தனகோடியின் கையிலிருந்து பிணைத்த இழை நழுவியது.

"மேலேந்து எல்லாம் தெரியுது மொதலாளி," என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எம்பொண்ணு கையாட்டனா. அவங்க திருப்பி ஆட்டனாங்க. அஞ்சு வயசுப் புள்ளயத் தெரியுது. தெரிஞ்சுதான் சுட்டுகிறான். அதுக்குப் பேரு இன்னா குறி தப்பறது?"

"பேச்செல்லாம் இருக்கட்டும். பாவு வேணுமா, அவ வேணுமா?"

அப்போது தெற்கே மறுபடி ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கூட்டம் முடிந்து திரும்புகிறது. தெருவில் பிள்ளைகள் ஓடினார்கள்.

தனகோடி குழியிலிருந்து காலை உருவி எழுந்தான். குழியை அவளுக்கு விட்டுச் சுவரோரம் விலகி நின்றான்.

தவமணி இறங்கவில்லை. வாசலுக்கு ஓடிய லீலாவை எட்டிப் பிடித்து, குழிக்குள் இறக்கி, உச்சந்தலையில் கைவைத்து அழுத்தினாள். சத்தம் கூரை மேல் வந்தது. ஓடுகள் அதிர்ந்தன. வீரபாகு வாயைத் திறந்து என்னவோ சொன்னார், கேட்கவில்லை.

லீலா இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அறுந்த இழைகளுக்கு நடுவிலிருந்து கூரையைப் பார்த்துக் கையாட்டினாள்.