வெனிலாவில் மீன் வாடை

ஐஸ்கிரீமில் பாதி காற்று. இதை என் வாயால் கேட்டு எரிச்சல்படாத ஆள் எங்கள் சொந்தத்தில் ஒருத்தர்கூட இல்லை. நான் ஃப்ரீசர் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக ஐஸ்கிரீம் இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். பால், சர்க்கரை, கொழுப்பு, மீதி காற்று. மலிவான கடையில் காற்று அதிகம், பெரிய கடையில் காற்று குறைவு. அந்த வித்தியாசத்துக்கு நாலு மடங்கு விலை வாங்குவது பகல் கொள்ளை என்பது என் கட்சி.

பெரிய கடை என்று நான் சொல்வது ஊர் முழுக்கக் கிளை போட்டிருக்கிற ஒன்றை. கண்ணாடிக் கதவு, மெத்தை வைத்த நாற்காலி, கப்பில் தங்க எழுத்து. அதன் மூன்று கிளைகளுக்கு நான்தான் மெக்கானிக். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வேலை கிடைத்த சந்தோஷத்தில் எங்களை அங்கேதான் கூட்டிப்போனான். உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கிறவரை நான் காற்றைப் பற்றியே பேசினேன். கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, காற்றுக்கும் சேர்த்து நான்தானே பணம் கொடுக்கிறேன், தயவுசெய்து சாப்பிடுங்கள் மாமா என்றான். என் மனைவி மட்டும் எதிலும் சேராமல், கண்ணை மூடி ஒரு கரண்டி வெனிலாவை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நிஜ வெனிலா இருக்கு. உங்களுக்குத் தெரியலைங்கிறதுக்காக அது இல்லைன்னு ஆயிடாது" என்றாள்.

அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஏனென்றால் அவள் வேலையே அது. பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிறவள். அங்கே ஒரு அறையில் தடுப்பு போட்டு ஆறு நாற்காலிகள். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று சிவப்பு விளக்கு. சின்னத் தட்டுகளில் எண் மட்டும் போட்டு வைப்பார்கள். இந்த வெண்ணெய் பழசு என்று அவள் ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கு ஓடுகிற சரக்கு அத்தனையும் நிற்கும். கம்பெனியில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எனக்கும் பிடிக்கும்.

அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலில் போனது. காய்ச்சல் ஐந்தே நாளில் இறங்கிவிட்டது, வாசனையும் ருசியும் திரும்பவில்லை. வெங்காயத்தை நறுக்கி முகத்துக்கு நேரே பிடித்தாலும் கண்தான் எரிந்தது. மெதுவாக வரலாம், பாதிதான் வரலாம், சிலருக்கு ஒன்று இன்னொன்றாக மாறித் தெரியலாம் என்றார் டாக்டர். கம்பெனியில் மரியாதையாக நடந்துகொண்டார்கள். இரண்டு மாதம் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகவும், சரியாகிவிட்டது என்று அவளே வந்து சொன்னால் போதும், வேறு சோதனை வேண்டாம் என்றும் மேனேஜர் சொல்லி அனுப்பினார். இல்லையென்றால் பேக்கிங் பிரிவு. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூக்கம்மா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் பெரிய கடையிலிருந்து ஒரு சின்னக் கப் வெனிலா வாங்கி வரச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. நோயாளியின் ஆசை என்று நானும் கேட்கவில்லை. முதல் வாரம், பஞ்சைத் தின்பது போல் இருக்கிறது என்றாள். இரண்டாவது வாரம் கடைசிக் கரண்டியில் நின்று, "ஏதோ வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு, உள்ள வரமாட்டேங்குது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. அந்த வாரம் ஒரு மொத்த வியாபாரியின் ஃப்ரீசருக்கு கேஸ் நிரப்பிக் கொடுத்தேன். கூலியோடு ஒரு பெரிய டப்பா வெனிலாவும் தூக்கிக் கொடுத்தார். மலிவுச் சரக்கு. நாக்கே செத்துக் கிடக்கிறது, அதற்கு எந்தக் கடை ஐஸ்கிரீமாக இருந்தால் என்ன என்று என் புத்தி கணக்குப் போட்டது. பெரிய கடையில் இயந்திரம் பார்க்கப் போனபோது, வாங்கிப் போன கப் ஒழுகுகிறது என்று கல்லாவில் பொய் சொல்லி, காலிக் கப் நாலும் மூடியில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து கரண்டியால் அள்ளி, மேல்பக்கத்தை வழித்து, ஸ்டிக்கரும் ஒட்டினேன். கோணாமல் ஒட்ட வேண்டும் என்று இரண்டு தடவை பிரித்து ஒட்டினேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்றாவது வாரம் அவள் பாதியிலேயே கப்பைக் கீழே வைத்தாள். இனிப்பு மட்டும்தான் தெரிகிறது, போன வாரம் வந்தது போய்விட்டது என்றாள். வரும், போகும், அவசரப்படாதே என்று பெரிய மனிதனைப் போல ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட. என் கட்சி ஜெயித்துவிட்டதாம்.

நாலாவது சனிக்கிழமை ஒரு கரண்டி வாயில் வைத்தவள் சட்டென்று எழுந்து குழாயடிக்குப் போய்த் துப்பினாள். திரும்பி வந்து கப்பை முகர்ந்தாள். மறுபடி ஒரு துளி நாக்கில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, இதுல மீன் வாடை அடிக்குது எனக்கு."

பட்டறையில் அந்த டப்பாவை முதலில் ஒரு மருந்துக் கடை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அதைச் சரிசெய்து அனுப்பிவிட்டதால், சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றில் மாற்றி வைத்தேன். அது மீன் கடை ஃப்ரீசர். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியதுதான், என் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் கொழுப்புள்ள எந்தப் பண்டமும் பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும். என் தொழிலில் அரிச்சுவடியே அது. அந்த வாடையை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அப்படியென்றால் மூக்கு திரும்பிவிட்டது, முழுசாக.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஊரில் எந்த ஐஸ்கிரீமும் கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும், அந்தக் கடையில் மட்டும் என்றைக்குப் போனாலும் இம்மி பிசகாது, அதனால்தான் நாக்கைச் சோதிக்க அதைக் கேட்டாளாம். சொன்னால் நான் கரண்டிக்குக் கரண்டி தெரிகிறதா, தெரிகிறதா என்று நச்சரிப்பேன் என்று மறைத்தாளாம். நாலு வாரமாகப் பார்த்தாயிற்று, இப்போது ஒன்று இன்னொன்றாகத் தெரிகிறது, டாக்டர் சொன்னதேதான், திங்கட்கிழமை பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கப்பைக் கழுவினேன்.

சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்று ஒரு குறுக்குவழி தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக விலையைப் பார்க்காமல் நிஜமான கப் ஒன்றை வாங்கி வந்து நீட்டினேன். கடைசியாக ஒரே ஒரு தடவை பாரேன் என்று கெஞ்சினேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

வெனிலா என்றாள். காய்ச்சின பால் என்றாள். அடியில் லேசாக மரப்பட்டை வாசனை என்றாள். முகம் ஒரு நொடி பழைய முகமாக மலர்ந்தது. பார்த்தாயா, சரியாகிவிட்டது என்று நான் குதித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நேத்து மீன், இன்னைக்கு வெனிலா. கடை மாறல, கப் மாறல. அப்போ மாறினது என் நாக்குதானே? ஒண்ணுமே தெரியாத நாக்குன்னாகூட இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம். பொய் சொல்ற நாக்கை வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட நான் அந்த நாற்காலில போய் உக்கார்றது?"

நான் கொண்டுவந்த நிஜமே அவள் தலையில் கல்லைப் போட்டது. அன்று முழுக்க அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். நான் ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினேன். இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்று கேட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயம் அவளுடைய நாற்காலியைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. வேறு என்ன சாக்குச் சொன்னாலும் உண்மை இவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறிப் போனாள். நான் பட்டறைக்குப் போய் மீன் கடை ஃப்ரீசரைத் திறந்து டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். சர்க்கரை வாசனை தவிர ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியாத இடத்தில் அவளுக்கு எத்தனை தெரிகிறது என்று நினைத்ததும் அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஷட்டரைக்கூட இறக்காமல் வண்டியை எடுத்தேன்.

கம்பெனி வாசலில் காவலாளியின் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் கவர். ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மொத்த வியாபாரி, காலிக் கப், ஸ்டிக்கர், மீன் கடை ஃப்ரீசர், ஒன்று விடவில்லை. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்த வாரத்துல இருந்து?"

"மூணாவது."

விரலை மடக்கி எண்ணினாள். அவள் உதடு அசைந்தது. இனிப்பு மட்டும் தெரிந்த வாரம், மீன் அடித்த வாரம், நேற்று வெனிலா. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"அப்போ எல்லாமே சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

சிரித்தாள். அழுகையும் சேர்ந்தே வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கவரை இரண்டாகக் கிழித்து என் கையில் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே அவளுக்கு அவள் நாற்காலி கிடைத்தது. முதல் தட்டிலேயே ஏதோ ஒரு கெட்ட சரக்கைப் பிடித்துவிட்டாளாம், அக்கா சொன்னதாக மச்சினன் ஃபோன் போட்டு எனக்குச் சொன்னான். அவனிடம் அக்கா மற்றது எதையும் சொல்லவில்லை என்று பேச்சிலேயே தெரிந்தது. என்னிடமும் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது பட்டறையில் யாராவது அந்தக் கடை ஐஸ்கிரீம் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டால் நான் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விடுகிறேன். தகும் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

காலையில் டீ போடுவது எப்போதும் என் வேலை. நேற்றும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேப்பரைப் படித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். குடிக்கிறதற்கு முன்னால் டம்ளரை மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு நொடி முகர்ந்தாள். இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த டீயை அவள் அப்படி முகர்ந்ததில்லை. அதை அவள் தெரிந்து செய்யவில்லை, பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. பிறகு குடித்தாள், நன்றாக இருக்கிறது என்றாள்.