இரும்பு கிளப்புக்கு, மரம் பிள்ளைக்கு

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது.

கிள்ளானில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய்க்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஐம்பதை நெருங்கும் ஒருவர், பழைய கைலியில் சுற்றிய நீளமான எதையோ மடியில் கிடத்தியிருந்தார். ரயில் குலுங்கும்போதெல்லாம் அதன் தலைமாட்டில் கை வைத்து அணைத்துக்கொண்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்னாண்ணே அது, வீணையா?"

"துப்பாக்கி" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அவர் பதறிப்போனார். "ஐயோ, துப்பாக்கி இல்ல லா! அதோட மரம் மட்டுந்தான். பிள்ளைக்குச் செஞ்சேன்."

அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. தவறு இருந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

2

தொடக்க வரிக்காகப் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

"ரபேல் தன் மகளுக்காக ஒரு துப்பாக்கி செய்யத் தொடங்கிய அன்று —"

நிறுத்திவிட்டேன். இந்த நாட்டில் வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறவன் கதாநாயகன் ஆவதற்கு முன் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே கதை முடிந்துவிடும்.

"கோயிலில் பழைய பெஞ்சுகளைக் கழித்துக் கட்டியபோது, அதிலொன்றை ஃபாதரிடம் கேட்டு வாங்கிய ரபேல், அந்த மரத்தில் —"

இதுவும் வேண்டாம். மண்டியிட்டு ஜெபித்த மரத்தில் துப்பாக்கி என்று எழுதினால் கூட்டங்களில் என்னைப் புகழ்வார்கள், ஆனால் ரபேல் காணாமல் போய்விடுவார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டபோது மீந்த மரம் என்றே வைத்துக்கொள்வோம். மரம் மரமாகவே இருக்கட்டும்.

கடைசியில் நேராகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ரபேல் சுங்கை வேயில் கிச்சன் கேபினட் செய்யும் பட்டறையில் தச்சர். நெடுநாள் தனிக்கட்டையாக இருந்தவர், மூன்று வருடங்களுக்கு முன் பெர்னிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பெர்னிஸ் நர்ஸ். முதல் கணவர் தவறிப்போய் ஒரு பெண் குழந்தையோடு கிள்ளானில் இருந்தவள். அந்தப் பெண் கேரன். இப்போது பதின்மூன்று வயது. துப்பாக்கி அவளுக்குத்தான்.

3

கேரன் ரபேலிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ரபேலுக்கு வலித்ததே அதுதான்.

காலுக்குச் சப்பாத்து வாங்கி வந்தால் "தேங்க்யூ அங்கிள்." மழையில் டியூசனுக்கு வெளியே காத்திருந்து கூட்டி வந்தால் "தேங்க்யூ அங்கிள்." அளவு சின்னதாகப் போன சட்டையை வாங்கி வந்தபோதும் "தேங்க்யூ அங்கிள், நல்லா இருக்கு." அம்மாவிடம் மட்டும் கத்துவாள், கதவை அறைவாள், இந்தச் சாம்பார் வேண்டாம் என்பாள், ஒரு மணி நேரம் கழித்து அதே அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாள். ரபேல் உள்ளே வந்தால் எழுந்து ஒழுங்காக உட்கார்ந்துகொள்வாள். விருந்தாளி வந்தால் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். தன் வீட்டில் தானே விருந்தாளியாக இருப்பது எத்தனை கஷ்டம் என்று ரபேல் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

(ரபேலுக்கு அவள் தன்னை "பாப்பா", அதாவது அப்பா, என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசை இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரே ஒரு தடவை, அம்மாவிடம் கேட்பதுபோல் தன்னிடமும் உரிமையோடு எதையாவது கேட்டால் போதும் என்றிருந்தார்.)

அவள் ஆசையாகப் போகும் ஒரே இடம் துப்பாக்கி சுடும் கிளப். பள்ளித் தோழி ஒருத்தி கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டது. சிறு ரகத் துப்பாக்கி, பெயர்தான் சிறுசு. அதன் மரக்கட்டை பெரியவர்களின் தோளுக்கு அளந்தது. கேரன் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டித்தான் குறி பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் அவள் அம்மாவிடம் கழுத்து வலிக்கிறது என்று புலம்பியதை ரபேல் கூடத்தில் இருந்து கேட்டார்.

மறுவாரம் கேரனுக்குத் தெரியாமல் கிளப்புக்குப் போன் போட்டார். கோச் சிவநேசன், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இரும்பு கிளப்போடது அண்ணே. பூட்டுக்குள்ளதான் இருக்கும், தொடவே முடியாது. ஆனா மரத்த நீங்க செஞ்சு குடுங்க, பெர்மிசன் நான் வாங்கித் தரேன். மாட்டிக்கலாம்."

இரும்பு கிளப்புக்கு, மரம் பிள்ளைக்கு. ரபேலுக்கு இந்தப் பங்கீடு பிடித்திருந்தது. மாதிரிக்கு, உடைந்துபோன பழைய கட்டை ஒன்றையும் சிவநேசன் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார்.

4

பிறந்த நாளுக்குக் கொடுக்க வேண்டும், அதுவரை வீட்டில் மூச்சு விடக்கூடாது. ஆகவே அளவைத் திருட வேண்டியிருந்தது. கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடையின் கைநீளத்தை அளந்தார். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து அவள் விரல்களின் நீளத்தை ஓரக்கண்ணால் எடைபோட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் சிலுவை போடும்போது முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து, சாமியைப் பார்க்க மறந்தார்.

பட்டறையில் வேலை முடிந்தபின் மரத்தோடு உட்கார்ந்துவிடுவார். துப்பாக்கிக் கட்டையில் சிரமமான இடம் இரண்டுதான். கை பிடிக்கும் இடம் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், கன்னம் சாயும் மேடு தாடைக்குத் தோதாக எழும்ப வேண்டும். அளந்து செய்யும் கட்டையில் இரண்டுக்கும் வலம் இடம் உண்டு, காலணிக்கு இருப்பதுபோல; கிளப்பின் பொதுக்கட்டைக்குத்தான் அந்தப் பேதம் இல்லை. வலக்கைக்காரருக்குச் செய்ததை இடக்கைக்காரர் பிடித்தால் மரம் எதிர்த்து நிற்கும். ரபேல் மணல்தாளால் தேய்த்துத் தேய்த்து அந்த மேட்டைத் தன் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தார். பட்டறை முதலாளி எட்டிப் பார்த்து, "என்னா ரபேல், மரத்துக்கு முத்தமா?" என்று கேட்டார். முதலாளிக்கு என்ன தெரியும்?

கட்டை அழகாக வந்தது. அடியில், வெளியே தெரியாத இடத்தில், கேரன் பெயரைச் செதுக்கினார்.

கேரனுக்கு இடக்கைப் பழக்கம்.*

* இங்கே எனக்கு ரபேல்மீது சந்தேகம் வந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு கேபினட் கதவுக்கு நாலு தடவை அளக்கிறவர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? பிறகு நம் வீடுகளை நினைத்துப் பார்த்தேன். இடக்கைப் பிள்ளையானாலும் சோற்றில் வலக்கைதான் பட வேண்டும், அடித்தாவது பழக்கிவிடுவோம். சிலுவை வலக்கையால்தான் போட வேண்டும். கடையில் சில்லறை நீட்டுவதும் வலக்கையால்தான். அவள் எழுதுவது அறைக்குள், மூடிய கதவுக்குப் பின்னால். அந்தக் கதவை ரபேல் தட்டியதே இல்லை. கிளப் வாசலில் இறக்கிவிட்டு "நானும் உள்ள வரட்டுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். "பரவால்ல அங்கிள்" என்றாள். அதோடு காரிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளையை மேசையிலும் கோயிலிலும் மட்டும் பார்த்த மனிதர் அவர். இரண்டு இடத்திலும் அவள் வலக்கைக்காரி. கோச்சும் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்.

5

பிறந்த நாளன்று கைலியைப் பிரித்தார்கள். பெர்னிஸ் அடியில் செதுக்கியிருந்த மகளின் பெயரைத் தடவிப் பார்த்து அழுதுவிட்டாள். அவளுக்கு மரத்தில் வலமாவது இடமாவது.

கேரன் கட்டையைத் தூக்கினாள். இடத்தோளுக்குக் கொண்டுபோகப் பார்த்தாள், பாதியில் நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு மெல்ல வலத்தோளில் வைத்துக்கொண்டாள்.

"தேங்க்யூ அங்கிள். ரொம்ப அழகா இருக்கு."

(இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. எனக்கும்தான், சீக்கிரம் தூங்கப் போயிருப்பேன். எத்தனையோ முறை அவள் வாயில் அந்த வரியை வைத்துப் பார்த்தேன். கேரன் சொல்ல மாட்டேன் என்கிறாள்.)

கட்டையை இரும்போடு மாட்டினார்கள். சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை சிவநேசன் காரிடம் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, ஒரு நிமிசம் உள்ள வாங்களேன்."

ரபேல் முதன்முறையாக உள்ளே போனார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கேரன் படுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். வலத்தோளில் கட்டை. அவர் நினைத்தபடியே கன்னம் மேட்டில் அம்சமாகப் பொருந்தியிருந்தது. ரபேலுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"என்னா ஆச்சு உங்க மகளுக்கு?" என்றார் சிவநேசன். "லெப்ட்ல எவ்ளோ நல்லா சுட்டுக்கிட்டு இருந்தா! ரைட் கட்டையோட வந்து திடீர்னு கை மாத்திட்டா. ஏன்மான்னு கேட்டா, 'பழகிக்குவேன் கோச்'ங்குறா. இப்படியே போனா டீம்ல போட முடியாது லா."

கேரன் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். பென்சிலை எடுத்துத் தன் புள்ளிகளைக் குறித்தாள். இடக்கையால்.

ரபேல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. கேபினட்டை மாற்றி அடித்தால் கழற்றி மறுபடி அடிக்கலாம். மூன்று வருடத்தை எப்படிக் கழற்றுவது?

6

கதை எழுதுகிறவன் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டுமல்லவா.

அவள் ஏன் சொல்லவில்லை? அன்பினால் என்று எழுதினால் வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த மனுஷன் ஆசையாகச் செய்தது வீணாகக் கூடாது என்று தன் கையையே மாற்றிக்கொண்ட பிள்ளை! ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அம்மா வாங்கிய சட்டை பிடிக்காவிட்டால் தூக்கி எறிகிறவள் இவள். சொந்தக்காரர்களிடம்தான் அப்படி எறிய முடியும். வேற்று மனுஷர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லத்தான் வேண்டும். அப்படியானால் அந்த வலத்தோள் பாசமா, மரியாதையா? ரபேலுக்கு இப்போது தெரிய வேண்டியது இது ஒன்றுதான். எனக்கும் விடை தெரியாது. அதனால் அவர்கள் இருவரையும் காரில் ஏற்றிவிட்டு, நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

7

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் ரபேல் புதிதாக இடக்கைக் கட்டை செய்து, கேரன் பதக்கம் வாங்கி, மேடையில் — போதும். இன்னொன்றில் அவள் அவரை "பாப்பா" என்று கூப்பிட்டாள். எழுதிய கை கூசியது. அடித்துவிட்டேன்.

நடந்தது இது. பெடரல் ஹைவேயில் கிள்ளானை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா சொல்லல?" என்று ரபேல் கேட்டார்.

"என்னா அங்கிள்?"

"கை."

கேரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க ஆசையா செஞ்சிருந்தீங்க."

"அதுக்குன்னு? டீம் போயிருமே லா."

"இட்ஸ் ஓகே அங்கிள். பரவால்ல."

"சாரிம்மா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. கேரன் சட்டென்று திரும்பினாள்.

"சாரி சொல்லாதீங்க லா! மூணு வருசம் ஒரே மேசைல சாப்புடுறோம். நான் எந்தக் கையில எழுதுறேன்னு ஒரு தடவகூட பாக்கலியா? ரூம் கதவ ஏன் தட்டவே மாட்டேங்குறீங்க? கிளப்புக்குக் கொண்டாந்து விட்டுட்டு ஏன் காடியிலயே உக்காந்திருக்கீங்க? எல்லா அப்பாவும் உள்ள வராங்க!"

"நீதானம்மா பரவால்லன்னு சொன்ன..."

"சொல்லுவேன்! நான் சொன்னா? வந்துடக் கூடாதா?"

ரபேல் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். ஸ்போர்ட்ஸ் டேயில் சிவப்பு அணிக்குக் கை தட்டினீர்கள், நான் நீலம். காலையில் பாத்ரூமில் பாடாதீர்கள், பக்கத்து வீட்டு ஆன்டி சிரிக்கிறார். எனக்குக் காரம் ஆகாது, நாசி லெமாக் சோறு கட்டும்போது சம்பல் ஏன் அவ்வளவு வைக்கிறீர்கள்? அன்றைக்கு வாங்கி வந்த சட்டைக்குள் கை போகவே இல்லை! எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

ரபேலின் கண்ணும் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு திட்டும் சுருக்கென்று தைத்தது, அடுத்தது வராதா என்றும் இருந்தது. எந்தப் பிள்ளையும் விருந்தாளியிடம் இப்படிக் கத்தாது. அவர் வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனை வைத்து அமுக்கிவிட்டுத் தாண்டிப் போனான்.

வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பு வந்தது. ரபேல் சிக்னல் போட்டார். கேரன் அப்போது, பிரிஜ்ஜில் தன் ஐஸ்கிரீமை யார் தின்றது என்ற வழக்கைத் தொடங்கியிருந்தாள். பாதியில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. சிக்னலை அணைத்துவிட்டு நேராகப் போனார்.

வழி மாறியதை அவள் கவனித்தாளா, கவனித்தும் பேசாமல் இருந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் ஏறி உட்காருங்கள். இந்த ரோடு போர்ட் கிள்ளானில் முடிந்துவிடும், அதற்கப்பால் கடல்தான். அதற்குள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் சமாதானப்படுத்திவிடாதீர்கள்.