சாரலில் இரண்டு மால்ட்

சாராய ஊறலைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்த மூக்கு சுந்தரபாண்டியனுடையது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது சிங்கிள் மால்ட் விஸ்கிக்குப் பதவி உயர்வு பெற்றது.

கப்பல் இன்ஜினியரான அவருடைய சிநேகிதர் தில்லைநாயகம் ஒவ்வொரு குற்றாலச் சீசனுக்கும் இரண்டு ஸ்காட்ச் பாட்டில்களோடு தென்காசியில் வந்து இறங்குவார். அவருக்கு எல்லா விஸ்கியும் ஒன்றுதான். இரண்டையும் ஒப்பிட்டு சுந்தரபாண்டியன் அளக்கும் கதையைக் கேட்கத்தான் அந்த மனுஷன் கடல் தாண்டி வருவது.

இந்தத் தை மாதக் காய்ச்சலில் அந்த மூக்கு சுத்தமாக அடங்கிவிட்டது. மல்லிகையும் தெரியவில்லை, மண்ணெண்ணெயும் தெரியவில்லை. சுந்தரபாண்டியன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு இல்லையென்றால் தில்லைநாயகம் இனி எதற்கு வரப்போகிறார்? அந்தப் பயம் அவரை அரித்தது.

சீசன் வந்துவிட்டது. ஐந்தருவி ரோட்டுக் காட்டேஜ் வராந்தாவில் மத்தியானமே விளக்குப் போடுகிற மாதிரி இருட்டிக் கிடந்தது. மலை கொஞ்சம் தெரிந்தது, பிறகு காணாமல் போனது. அருவியில் கூட்டமென்று தில்லைநாயகம் குளிக்காமல், இடுப்புத் துண்டோடு வந்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு அருவித் தண்ணீர் விட்டார்.

சுந்தரபாண்டியன் முதல் கிளாஸை முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. பாட்டில் லேபிள்களை ஓரக்கண்ணால் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்காட்லாந்து ஸ்பேசைட் சரக்கு. ஷெர்ரி ஒயின் பீப்பாயில கெடந்திருக்கு. கிஸ்மிஸ், நெய்யில வறுத்த முந்திரி."

சொல்லச் சொல்ல அதெல்லாம் நிஜமாகவே வந்ததுபோல இருந்தது. அடுத்த கிளாஸை எடுத்தார்.

"இது ஐலா தீவுச் சரக்கு. புகை. ஆஸ்பத்திரி டிஞ்சர். கடக்கரைல ஈரக் கல்லு."

முகத்தில் சாரல் விழுந்தது. அருவியின் இரைச்சல் கடலாகிவிட்டது. பார்த்தேயிராத தீவின் கரையில் அவர் நின்றுகொண்டிருந்தார். எத்தனை சந்தோஷமாக இருந்தது! தான் ஏமாற்றுவதே அவருக்கு மறந்துபோனது.

கண்ணைத் திறந்தபோது தில்லைநாயகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே, சரிதான?" என்றார் சுந்தரபாண்டியன்.

தில்லைநாயகம் கையை நீட்டினார். உள்ளங்கை பளபளத்தது.

"அருவிக்கரைல தேச்ச மசாஜ் எண்ணெய்லே. கழுவாமலே எடுத்துட்டேன். கிளாஸ் பூரா அப்பிக்கெடக்கு. எனக்கே மூலிகை நாத்தம்தான் வருது. போன வருசம் என் கையில சோப்பு வாசம்னு எந்திச்சே போயிட்டியே. இன்னைக்கு ஏன்லே ஏசல?"

சுந்தரபாண்டியன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"தை மாசத்துலேருந்து. சொன்னா நீ வரமாட்டியோன்னு..."

தில்லைநாயகம் உள்ளே போனார். பெட்டி கட்டத்தான் போகிறார் என்று நினைத்ததும் சுந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கியது.

உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. கையைத் தேய்த்துக் கழுவி, வேறு கிளாஸ்களோடு திரும்பி வந்த தில்லைநாயகம் ஐலாவை மறுபடி ஊற்றினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடி, கிளாஸுக்குள் மூக்கை விட்டார்.

"புகை வருதுலே. நனைஞ்ச விறகு எரிஞ்சா வருமே, அது. அதுக்கு மேல ஒரு எழவும் தெரியல."

"அவசரப்படாத. புகைக்கு அடியில உப்பு இருக்கும், பாரு."

தில்லைநாயகம் மூச்சை நிதானமாக இழுத்தார்.

"இருக்குலே பாண்டியா!" என்று வராந்தா அதிரக் கத்தினார். "இருக்குலே!"