கள்ளக் குரல்

வருடத்தின் சிறந்த ஆல்பம் எது என்று முடிவு செய்யத் திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். டிசம்பர் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி, வாசகசாலை மாடி. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குக் காது கிடையாது. இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படியும் என்னைத்தான் தலைவராக வைத்திருக்கிறார்கள். மற்றவர்களை அடக்க இன்னொருவருக்குத் தெரியாது.

விதிகளை எழுதியவனும் நான்தான். செக்ரட்டேரியட்டில் முப்பத்துநான்கு வருடம் கோப்பு எழுதிய கை. ஆளுக்கு ஒரு ஆல்பம். அதிலிருந்து ஒரு பாட்டை, நடுவில் தள்ளிவிடாமல், எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். சொந்தக்காரர்கள் செய்த ஆல்பம் போட்டியில் இருந்தால் அந்த வருடம் ஓட்டுக் கிடையாது. நான்காவது விதியைத்தான் வட்டத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: கள்ளக் குரல் இருந்தால் ஆல்பம் நீக்கப்படும். சுருதி சேராதவனை மெஷினை வைத்துச் சேர்த்துவிடும் வித்தையைக் கேள்விப்பட்ட ஆத்திரத்தில் எழுதியது. பாடும் குரலுக்கு மட்டும்தானா, பேசும் குரலுக்கும் உண்டா என்று ஒருவர் கேட்டார். குரல் என்றால் குரல்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது.

இன்னொன்று. நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டுத் தமிழ் வேறு. அதை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோகும் வழக்கம் எனக்கு இல்லை. சபையில் அச்சில் இருப்பது போலத்தான் பேசுவேன். பதினெட்டு வருடம் என்னோடு உட்கார்ந்து வாதாடியவர்கள்கூட என் வீட்டுப் பேச்சைக் கேட்டதில்லை.

இந்த வருடம் முதலில் ஆரம்பித்தவர் சுந்தரராமன். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். வீணை வாசிக்கும் ஒரு பெண்ணின் ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். பாட்டு முடிகிறவரை அவர் தொடையில் தாளம் போட்டார். தாளம் ஓரிடத்தில்கூடச் சேரவில்லை.

"கேட்டேளா? ஒவ்வொரு மீட்டும் மணி மாதிரி விழறது. இதுக்கு மேல இந்த வருஷம் என்ன இருக்கு?" என்றார்.

"மணி என்று சரியாகச் சொன்னீர்கள். பூஜை மணியும் இப்படித்தான். ஒரே ஸ்வரம்," என்றேன்.

விழிஞ்ஞத்திலிருந்து வரும் தாசையன் சர்ச் கொயர் ஆல்பம் ஒன்றைப் போட்டார். நாற்பது பேர் பாடினார்கள். முப்பத்தைந்து பேர் ஒன்றாகத் தொடங்கினார்கள். தாசையன் நல்ல மனிதர் என்பதால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். ராஜஸ்ரீ என்கிற டீச்சர், எங்கள் செயலாளர், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே, "மாமா, ஒரு ஆல்பமாவது நல்லாருக்குன்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டாள். குறைந்துதான் போவேன். அடுத்த ஆல்பத்துக்குக் கையைக் காட்டினேன்.

ஆறாவதாக அனூப் எழுந்தான். டெக்னோபார்க் பையன், முப்பது வயது. பாட்டைக் கேட்பதைவிடப் பாட்டைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரன்.

"சார், இது வேற லெவல். ஆல்பத்துக்குப் பேரு 'நீல டிக்'. ஆரு செஞ்சதுன்னு ஒருத்தருக்கும் அறியாது, கேட்டோ. பேரே போடல. திருவனந்தபுரத்துல உள்ள ஒரு பொண்ணுன்னு மட்டும் கேள்வி. வாட்ஸாப்புல மெசேஜ் பாத்தாச்சுன்னா நீலமாகும் அல்லே, அந்த டிக். மூணாவது பாட்டு போடட்டே?"

பெயர் போட வெட்கப்படுகிறவர்களின் பாட்டை நாம் ஏன் கேட்க வேண்டும் என்றேன். விதி, சார், என்றான். போடு என்றேன்.

பம்பு செட் ஓடுவது போல ஒரு கொட்டு. அதன் மேல் ஒரு பெண் மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். இதற்கு ஆல்பம் என்று பெயர். ஜன்னல் வழியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டு சட்டென்று தணிந்தது. ஒரு கிழவனின் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, கொஞ்சம் இழுத்து.

"ஒங்க அம்மைக்க திதி வருசத்துக்கு ஒரு நாளு. எல போட்டாச்சு. காக்கா வந்து தின்னுட்டுப் போச்சு. நீ வரல. ஃபிளைட்டு டிக்கட் கெடைக்கலயாம். காக்காய்க்கு எந்த டிக்கட்டுடே கெடச்சுது?"

எந்த டிக்கட்டு, எந்த டிக்கட்டு என்று கொட்டோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தது. அனூப் தலையை ஆட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் குரல்:

"அவளுக்குப் பிடிச்ச தீயலு நானே வச்சேன். உப்பு கூடிப்போச்சு."

'கூடிப்போச்சு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதோடு பாட்டு முடிந்தது.

அது என் குரல்.

எங்கள் குடும்ப குரூப்பில் நான்கு பேர்தான். நான், பெங்களூரில் இருக்கும் மகன் அனீஷ், மருமகள், என்னோடு தங்கி இங்கே வேலைக்குப் போகும் பேத்தி ஸ்ரீப்ரியா. பெருவிரலால் டைப் அடிக்கும் கேவலம் எனக்கு வேண்டாம் என்று வாய்ஸ் நோட்தான் அனுப்புவேன். என் மனைவி சிவகாமியம்மாள் போய் மூன்றாவது திதிக்கு அனீஷ் வராத அன்று அனுப்பியது இது. ஸ்ரீப்ரியா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வது ஆபீஸ் வேலைக்கு என்று நினைத்திருந்தேன். என் வீட்டுத் திதியைக் கொட்டடித்து ஊருக்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கையிலிருந்த பேனாவை மூடி மேஜை மேல் வைத்தேன். இந்த ஆல்பம் இந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. ஜெயித்தால் பத்திரிகைக்குக் குறிப்புப் போகும். யார் அந்தப் பெண், யார் அந்தக் கிழவன் என்று தேடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா திதிக்கு வராத மகன் ஒருவன் உண்டு என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். இந்த ஆல்பத்தை எப்படித் தோற்கடிப்பது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

ராஜஸ்ரீ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இதுதான். வேற எதுவும் வேண்டாம்."

"அந்த உப்பு! ஒரு வரியில மொத்தக் கல்யாணமும் உண்டு," என்றார் தாசையன்.

"சார், அதாக்கும் ஞான் சொன்னது," என்று அனூப் துள்ளினான்.

சுந்தரராமன் தொண்டையைச் செருமினார். "நாலாவது விதி," என்றார்.

"எதுக்கு, சார்? குரல்ல மெஷினே கிடையாது. கொஞ்சம் எக்கோ மாத்திரம்."

"மெஷின் இல்லேடா அம்பி, நடிப்பு! இது எவனோ நாடகக்காரன். காசைக் குடுத்துப் பேச வெச்சிருக்கா. 'அம்மைக்க'வாம், 'எந்த டிக்கட்டுடே'யாம். டீவியில காமெடிக்கு இப்படித்தான் பேசுவான். நெசமா எவன் பேசறான் இந்த ஊர்ல? நான் பொறந்து வளர்ந்தது இந்தத் தெரு. நம்ம பிள்ளைவாளே நாஞ்சில்காரர்தான். அவர் பேசி நீங்க கேட்டிருக்கேளா, இந்த மாதிரி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டதில்லைதான்.

"பொய்க் குரல்னா ஆல்பம் அவுட். விதி எழுதினவர் எதிர்லயே ஒக்காந்திருக்கார். தீர்ப்புச் சொல்லட்டும்."

நான் தேடிய வழி கைமேல் கிடைத்துவிட்டது. 'நீக்கப்படுகிறது' என்று ஒரு சொல் போதும். வீட்டு விஷயம் வீட்டோடு முடியும். மினிட்ஸ் புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன்.

"பாக்கி எல்லாம்கூட நம்பிடுவேன் ஓய்," என்று சுந்தரராமன் விடாமல் பேசினார். பேசத் தொடங்கினால் நிறுத்தும் இடம் அவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை, தொடைத் தாளத்தைப் போல. "அந்தக் கடைசி அழுகை இருக்கே, அங்கதான் பிடிபட்டான். பொண்டாட்டி போனதுக்கு அழறான், சரி. உப்புக்கு எவனாவது அழுவானோ? ஓவர் ஆக்டிங்!"

சிரிப்பு. இந்த முறை நான்கு பேர்.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"ஓவர் ஆக்டிங்காவே?" என்றேன். "ஓவர் ஆக்டிங்கா? நாப்பத்தொம்பது வருசம் ஒருத்தி வச்சத இருந்த எடத்துல இருந்து தின்னவன் மொதமொதலா அடுப்புக்க முன்னால போயி நிண்ணா உப்பு கூடாம என்னவே செய்யும்? ஒமக்கு என்ன மயிரு தெரியும்?"

அந்தச் சொல்லை நான் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

முதலில் வாயைத் திறந்தவள் ராஜஸ்ரீ. "மாமா... அது நீங்களா?"

"நாந்தான். எனக்க குரலாக்கும் அது. நடிக்கதுக்கு எங்க வம்சத்துல ஆளு கெடையாது."

சுந்தரராமன் தோல்வியை ஒத்துக்கொள்ளும் ஜாதி இல்லை. "பேஷா மிமிக்ரி பண்றீர், ஓய்," என்றார். "பாட்டைக் கேட்டுட்டு அதே மாதிரி பேசிக் காட்டினா ஆச்சா? தலைவரே கட்சி மாறி, கள்ளச் சாட்சி."

போனை எடுத்தேன். குரூப்பைத் திறந்து ஐப்பசி வரைக்கும் மேலே தள்ளிக்கொண்டே போய், அந்த வாய்ஸ் நோட்டைக் கண்டுபிடித்து, மேஜை மேல் வைத்து அழுத்தினேன்.

"அனீஷே," என்று தொடங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆல்பத்தில் இந்தப் பெயர் இல்லை. ஸ்ரீப்ரியா பெயரை வெட்டியிருந்தாள். நான் அவனுடைய சம்பளத்தைச் சொன்னது, பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்று சொன்னது, எங்கள் வடக்கேவீட்டுப் பிள்ளை என்று வெளியே சொல்லாதே என்று கத்தியது, இவற்றில் ஒன்றையும் அவள் வைக்கவில்லை. எங்கள் வீட்டை யாரும் அடையாளம் காணாதபடி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, காக்காயையும் தீயலையும் மட்டும் வைத்திருக்கிறாள். அவள் மறைத்தது எல்லாம் இப்போது என் போனிலிருந்து, என் விரலால், பன்னிரண்டு பேர் நடுவில் வந்துகொண்டிருந்தது. நடுவில் தள்ளிவிட முடியாது, விதி. முழுதாக மூன்று நிமிடம் ஓடியது. கடைசியில் உப்பு. அதே இடத்தில் குரல் உடைந்தது.

சுந்தரராமன் கீழே பார்த்துக்கொண்டு, "மன்னிக்கணும்," என்றார். "எனக்குத் தெரியாது பிள்ளைவாள்."

"உங்களுக்குத் தெரியாதவற்றுக்கு எல்லாம் மன்னிப்புக் கேட்டால் பொழுது போதாது," என்றேன், பழையபடி. "குரல் உண்மையானது. ஆல்பம் பட்டியலில் இருக்கும். செய்தவள் என் பேத்தி. ஆகையால் எனக்கு ஓட்டுக் கிடையாது. எழுதிக்கொள்."

ராஜஸ்ரீ எழுதிக்கொண்டாள். மீதி ஆறு ஆல்பங்களையும் கேட்டோம். எதுவும் காதில் ஏறவில்லை. ஏறாததில் ஒன்றும் நஷ்டமில்லை. ஒரு மணிக்குச் சீட்டுப் போட்டார்கள். வீணைக்கு நான்கு. நீல டிக்குக்கு மூன்று. கொயருக்கு இரண்டு. மீதி உதிரி.

இரண்டாம் இடம். என் ஒரு ஓட்டு இருந்தால் சமம். சமமானால் தலைவர் சொல்வதுதான் முடிவு. அதுவும் நான் எழுதிய விதி. மூக்கைச் சிந்தியவர்கள், மொத்தக் கல்யாணம் என்றவர்கள் எல்லாம் இந்த அறையில்தான் இருந்தார்கள். தாசையன் தன் கொயருக்கே போட்டிருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பூஜை மணிக்கு முதலிடம். எங்கள் குடும்பத்தில் யாரும் எதிலும் இரண்டாவதாக வந்ததில்லை. காது கேளாதவர்களிடம் நியாயம் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

சுந்தரராமன் படி வரைக்கும் கூட வந்தார். "ஆத்துக்கு வாங்கோ ஒரு நாள், காப்பி சாப்பிடலாம்," என்றார்.

"உப்புப் போடாமலா?" என்றேன். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அப்படியே நிற்கட்டும் என்று இறங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் போனை எடுத்து ஸ்ரீப்ரியாவுக்கு ஒரு வாய்ஸ் நோட் பேசினேன். குரூப்பில் இல்லை, தனியாக.

"ஸ்ரீப்ரியா. எனக்க சத்தத்த எங்கிட்ட கேக்காம எடுத்தது தப்பு. அத வீட்டுல வச்சுப் பேசுவோம். ஒங்க அப்பன் பேர வெட்டினியே, அது ஒழுங்கு. அத இண்ணைக்கு நாந்தான் கெடுத்தேன். இப்ப இதக் கேளு. மூணாவது பாட்டுல, அந்தக் காக்காய்க்க மேல எதுக்கு மோளே அந்தக் கொட்டு அப்பிடிக் கெடந்து அடிக்கு? எல போட்டாச்சுண்ணு நான் சொல்லுகது ஒருத்தனுக்கும் வெளங்கல. கொறைக்கணும். ரெண்டாவது எடமாம். வீணைக்காக்கும் மொதல். செவிட்டுப் பயலுவ..."

அந்த இடத்தில் இருமல் வந்துவிட்டது. தம்பானூர் பஸ் வேறு ஹாரனை அழுத்திக்கொண்டு வந்து நின்றது. அழித்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து திருத்தமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். இதுவும் ஒரு நாள் எங்காவது கொட்டுக்கு நடுவில் ஒலிக்கப்போகிறது.

நான்காவது விதி இருக்கிறது. இருமலோடு அப்படியே அனுப்பினேன்.